புது மொழியா, பழகின மொழியா? நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசேரியில் நாலு பேர் வேலை செய்கிற ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். ரப்பர் ஷீட் வாங்குகிற கடை, தோவாளைப் பூ கமிஷன் கடை, மார்த்தாண்டத்து மொத்த வியாபாரம் என்று கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினியரிங் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயா குடிக்கிற சாக்கில் வந்து, நிரல் எழுதப் புதுக் கணினி மொழியை எடுப்பதா, பழகின மொழியிலேயே இருப்பதா என்று கேள்வி கேட்பார்கள். கடைக்காரர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், வேறு வார்த்தையில். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்து எழுதினால் சில பதில்கள் மாறும். இது நாகர்கோவில் கணக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். புது மொழி நல்லதா, பழையது நல்லதா?

யாருக்கு? உங்களுக்காகப் படிப்பதென்றால் எது பிடிக்கிறதோ அதைப் படியுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். இன்னொருத்தர் கடையில் கொண்டு வைக்கப்போகிற நிரல் என்றால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் ஊரில் இல்லாத அன்று இதைத் திறந்து பார்க்க, ஒரு பஸ் ஏறி வந்துவிடுகிற தூரத்தில் ஆள் உண்டா?

பெங்களூரில் ஒருவன் போனால் அடுத்த தெருவில் இன்னொருவன் கிடைப்பான். இங்கே நன்றாக எழுதுகிற பையன் ஒருவன் கிடைத்தால் இரண்டு வருஷத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ கல்ஃபுக்கோ போய்விடுவான். போகத்தான் வேண்டும், தப்பு சொல்லவில்லை. ஆனால் அவன் ஆசைப்பட்டு எடுத்த மொழி மட்டும் கடையிலேயே தங்கிவிடும்.

'புதிய மொழி' என்று எதைச் சொல்கிறீர்கள்? ரஸ்ட் வந்தே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதே.

வயதை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான். பைத்தான் 1991-ல் வெளிவந்தது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ரூபி நாலும் 1995-ல் வெளியே தலைகாட்டியவை. ஆக ஜாவாவுக்குப் பைத்தான் நாலு வயது மூத்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, ஏனென்றால் நம் பக்கம் பைத்தான் பேர் எல்லார் வாயிலும் வந்ததே மெஷின் லேர்னிங் அலை அடித்த பிறகுதான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆரம்பிப்பதற்கு வயதைக் கேட்பதில்லை. ஏழு வருஷம் என்று வாயால் சொல்வோம், ஆனால் ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் நாடா பிடித்துப் பார்ப்பார்கள். சுற்றளவு 50 செ.மீ. வந்திருந்தால் கத்தி வைக்கலாம். அதற்கு முன்னால் வெட்டினால் பாலும் கிடைக்காது, மரமும் கெட்டுப்போகும்.

மொழிக்கும் நான் அப்படி ஒரு நாடா வைத்திருக்கிறேன். முதலில், 1.0 என்கிற முதல் முழுப் பதிப்பு வந்து, அதற்குப் பிறகு பழைய நிரலை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்களா? கோ மொழி 2012 மார்ச்சில் 1.0 வந்தபோதே அந்த வாக்கைக் கொடுத்தது, இன்றுவரை காப்பாற்றுகிறது. ரஸ்ட் 2015 மே 15 அன்று 1.0 ஆனது. 2018, 2021, 2024 என்று புதுப் பதிப்புகள் வந்தாலும், பழைய பதிப்பில் எழுதியதை அப்படியே விட்டுவிடலாம். ஸ்விஃப்ட் கதை வேறு. 2014-ல் வந்தது, 2016-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதுவரை எழுதியவர்கள் எல்லாரும் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. 2019-ல் ஐந்தாம் பதிப்போடுதான் ஒரு நிலைக்கு வந்தது. ஸிக் 2016-ல் ஆரம்பித்தது, இன்னும் 1.0 தொடவில்லை. மோஜோ 2023-ல் வெளியே காட்டப்பட்ட குழந்தை. என் கணக்கில் கோ, ரஸ்ட், கோட்லின் மூன்றும் வெட்டுக்கு வந்துவிட்டன. ஸிக்கும் மோஜோவும் கன்றுகள். ஆசையாகப் போய்ப் பார்க்கலாம், கத்தி வைக்கக் கூடாது.

இரண்டாவது நாடா என் சொந்தச் சோதனை: அந்த மொழியில் எழுதி, கடையில் இருக்கிற 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் தமிழில் ஒரு பில் அடிக்க முடிகிறதா? சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். வரைவதற்கு எழுத்துகளைக் கோத்துத் தருகிற ஒரு நூலகம், அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல், அந்த மொழியில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'கொல்லங்கோடு' என்று அடிக்கச் சொன்னால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். அந்தப் பில்லைக் கையில் வாங்கிய வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மொழியின் இலக்கணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறாத மொழி என் கடைக்கு ஆகாது.

அப்படியானால் புது மொழிகளால் ஒரு பிரயோசனமும் இல்லையா?

யார் சொன்னது? சி மொழி 1972 வாக்கில் பிறந்தது. அதிலும் சி++-லும் நினைவகத்தை எழுதுகிறவனே பார்த்துக்கொள்ள வேண்டும். விடுவித்த இடத்தைத் திரும்பத் தொட்டுவிட்டால், எல்லை தாண்டி எழுதிவிட்டால், திருடனுக்குக் கதவு திறந்த மாதிரி. தங்கள் மென்பொருளில் வருஷா வருஷம் அடைக்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வகை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் உலாவிக்காரர்களும் அடுத்த வருஷம் கிட்டத்தட்ட அதே கணக்கைச் சொன்னார்கள். நிரலைத் தொகுக்கிற நேரத்திலேயே, அதாவது ஓடுகிற கோப்பாக மாற்றும்போதே, ரஸ்ட் இதைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் அவ்வளவு கறாரான லினக்ஸ் கெர்னலே (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) 2022 டிசம்பரில் வந்த 6.1-ல் ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது. இன்னொன்று, காலி மதிப்பு. ஜாவாவில் ஒரு பெட்டி காலியாக இருப்பது தெரியாமல் கையை விட்டால் ஓடுகிற நிரல் நடுவழியில் விழும். கோட்லினில் காலியாக இருக்கலாமா கூடாதா என்று முதலிலேயே எழுதியாக வேண்டும்.

ஆனால் நம் கடை மென்பொருளுக்கு வருகிற வியாதி என்ன? ஜாவா, பைத்தான், பிஎச்பி எதிலும் நினைவகத்தை நாம் கையால் தொடுவதே இல்லை. அந்த மருந்து நமக்கு வேண்டாம்.

நமக்கு வருகிற வியாதி பைசா. கடைக்காரர் 47.3 கிலோ பால் எடை போடுகிறார். டிஆர்சி, அதாவது பாலில் இருக்கிற உலர் ரப்பரின் பங்கு, 34 சதவீதம். உலர் ரப்பர் 16.082 கிலோ. அதைக் கோட்டயம் ரப்பர் சந்தை விலையால் பெருக்க வேண்டும். இதைத் தசமப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) விட்டீர்கள் என்றால், கணினி அதைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும், மாதக் கடைசியில் பேரேட்டில் சில பைசா இடிக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள்: பைத்தானிலும் 0.30000000000000004 வரும், ஜாவாஸ்கிரிப்டிலும் வரும், ரஸ்ட்டிலும் வரும். மொழி புதுசா பழசா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு எந்த மொழியிலும் கணக்கு நேராகும்.

நீங்கள் புது மொழியில் கை சுட்டுக்கொண்டது உண்டா?

உண்டு. 2013-ல் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் கடைக்கு மென்பொருள் செய்தேன். திரைப் பகுதியைக் காஃபிஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதினேன். 2009-ல் வந்த மொழி. அன்றைய ஜாவாஸ்கிரிப்டின் அடைப்புக்குறிக் காட்டைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களுக்கு அது தென்றல் மாதிரி இருந்தது. பைத்தான் போல உள்தள்ளி எழுதினால் போதும், ஒரு அம்புக்குறி போட்டால் ஃபங்க்ஷன். ராத்திரி இரண்டு மணி வரை சிரித்துக்கொண்டே எழுதினேன் என்றால் நம்புவீர்களா?

2019-ல் அந்தக் கடைக்காரரின் மகன், ஒட்டுப்பாலுக்கு (மரத்திலேயே உறைந்து கிடைக்கிற ரப்பர்) தனி விலைக் கட்டம் வேண்டும் என்று தக்கலையிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அப்போது வேறு வேலையாகச் சென்னையில் இருந்தேன். பையன் கோப்பைத் திறந்துவிட்டு எனக்கு போன் போட்டான்.

"அண்ணா, இதில ஃபங்க்ஷன் எங்க கெடக்கு?"

"அம்புக்குறி இருக்கும் பாரு."

"அம்பு நெறைய கெடக்கு. ரிட்டர்ன் ஒண்ணையும் காணல்லியே?"

அந்த மொழியில் கடைசி வரியின் மதிப்பு தானாகவே திரும்பிப் போகும், ரிட்டர்ன் எழுத வேண்டாம். அதை போனில் விளக்கி, அவன் ஒரு இடைவெளியைக் கூட்டிப் போட்டு, கடைத் திரை அன்று முழுக்க வெள்ளையாக நின்றது. எடை போட ஆள் வரிசையில் நிற்க, கடைக்காரர் பழையபடி நோட்டை எடுத்துவிட்டார்.

நடந்தது இதுதான். காஃபிஸ்கிரிப்ட் சாகவில்லை, 2017-ல் இரண்டாம் பதிப்புகூட வந்தது. ஆனால் 2015-ல் ஜாவாஸ்கிரிப்டே அம்புக்குறி ஃபங்க்ஷன், கிளாஸ் எல்லாவற்றையும் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. மருமகள் கொண்டுவந்த பாத்திரத்தை மாமியார் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்ட மாதிரி. அதன் பிறகு புதிதாக யார் அந்த மொழியைப் படிப்பார்கள்?

என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான்: காஃபிஸ்கிரிப்ட் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் மாறி ஓடும். மாறி வந்ததை எடுத்து, மனுஷன் படிக்கிற மாதிரி சீர்செய்து, பதினோரு நாளில் மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பதினோரு நாளுக்குப் பில் போடவில்லை. போட முகமில்லை.

அன்றிலிருந்து புது மொழி எதைப் பார்த்தாலும் 'வெளியே வர வழி இருக்கிறதா?' என்று முதலில் தேடுகிறேன். டைப்ஸ்கிரிப்டை யோசிக்காமல் எடுத்தது அதனால்தான். எது எண், எது எழுத்து என்று சொல்கிற வகைக் குறிப்புகளை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது ஜாவாஸ்கிரிப்ட். கோட்லினும் அப்படித்தான், ஜாவா ஓடுகிற அதே எந்திரத்தில் ஓடும், ஒரே திட்டத்தில் பாதிக் கோப்பு ஜாவா, பாதி கோட்லின் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய மொழியின் தோளில் ஏறி நிற்கிற புது மொழி கொஞ்சம் தைரியம் தரும்.

சரி, அப்படியானால் பழைய மொழி என்றால் பயமில்லை, அப்படித்தானே?

அதுவும் இல்லை. நம் மாவட்டத்துக் கடைகளில் ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் விஷுவல் பேசிக் 6, இல்லாவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோ. இரண்டும் அப்போது மலை மாதிரி நின்றவை. எந்த கம்ப்யூட்டர் சென்டரிலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விபி6 வந்தது 1998-ல். 2002-ல் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் என்ற புது மேடையைக் கொண்டுவந்தபோது, பேர் மட்டும் அதே பேசிக், பழைய நிரல் அப்படியே ஓடாது. 2008 ஏப்ரலோடு விபி6 எழுதுகிற கருவிக்கு ஆதரவு நின்றது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு 9, அதற்கு 2015 ஜனவரியில் முற்றுப்புள்ளி.

நின்ற அன்று ஒன்றும் ஆகவில்லை. புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனது 2017 ஜூலை 1 அன்று, ஜிஎஸ்டி வந்தபோது. அதுவரை உள்ளூர் விற்பனைக்கு வாட் என்று ஒரே கட்டம். இப்போது மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும், வெளி மாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி. களியக்காவிளைக்காரருக்கு இதில் தனித் தொல்லை: கிழக்கே குழித்துறைக்கு விற்றால் ஒரு வரி, மேற்கே பாறசாலைக்கு விற்றால் அது கேரளம், வேறு வரி. இரண்டும் ஸ்கூட்டரில் போகிற தூரம்.

அந்த ஜூன் மாதம் எத்தனை கடைகளில் போய் உட்கார்ந்திருப்பேன்! ஒரு மொத்த வியாபாரக் கடையில் புரோகிராம் எழுதியவர் துபாயில். போனில் கிடைத்தார், நல்ல மனுஷன், மறைக்கவில்லை: "மூலநிரல் ஒரு சிடியில போட்டுக் குடுத்தேனே." சிடியைத் தேடினோம். சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது, கவரோடு, பத்திரமாக. கணினியில் போட்டால் படிக்கவில்லை. உப்புக் காற்றா, காலமா தெரியாது, மேல்பூச்சு பொடிந்திருந்தது. ஓடுகிற கோப்பு மட்டும் கையில், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. முதலிலிருந்து எழுதினோம்.

அதனால் 'பழகின மொழி' என்று நான் சொல்வது வயசான மொழியை அல்ல. பலர் கையில் இருக்கிற மொழியை. சி-க்கு 1989 முதல் தரநிலை உண்டு, எந்த ஒரு கம்பெனியும் அதை மூட முடியாது. விபி6 எவ்வளவு பரவியிருந்தாலும் சாவி ஒருவர் இடுப்பில்தான் இருந்தது.

பலர் கையில் இருந்தாலும் ஆள் தீர்ந்துபோகலாம் என்பது வேறு விஷயம். கோபால் என்று ஒரு மொழி, நம் ஊர்க்காரர் பேர் மாதிரி இருக்கும், 1959-ல் வேலை ஆரம்பித்தது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று செய்தியாளர் சந்திப்பில் கேட்க வேண்டி வந்தது. பைத்தானும் சாதுவல்ல. 2008-ல் மூன்றாம் பதிப்பு வந்து, 2020 ஜனவரி 1-ல் இரண்டாம் பதிப்பை நிறுத்தும் வரை பதினொரு வருஷம் உலகமே இரண்டு அடுப்பில் சமைத்தது.

பெரிய கம்பெனி பின்னால் நின்றால் நம்பலாமா?

பாதி நம்பலாம். டார்ட்டை 2011-ல் கூகுள் கொண்டுவந்தது ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிலாக. குரோமுக்குள்ளேயே வைப்பதாக இருந்த திட்டத்தை 2015-ல் கைவிட்டார்கள். முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது, 2018 டிசம்பரில் டார்ட்டில் கைபேசிச் செயலி எழுதுகிற ஃப்ளட்டர் 1.0 வந்து அதற்கு மறுபிறவி கொடுத்தது. ரஸ்ட்டுக்கு இதற்கு நேர் எதிர். வளர்த்த மொஸில்லா (ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காரர்கள்) 2020-ல் சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ஆனால் அதற்குள் மொழி வேறு பலர் கைக்குப் போயிருந்தது. அடுத்த வருஷமே தனி அறக்கட்டளை அமைந்து பிழைத்துக்கொண்டது.

தமிழில் வேலை செய்ய எந்த மொழி நல்லது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே போட்டுக்கொள்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி.

'நாகர்கோவில்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நா, க, ர், கோ, வி, ல். ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தானைக் கேளுங்கள், 11 என்று சொல்லும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதையேதான் சொல்லும், ஏனென்றால் ஒருங்குறியில் (யூனிகோட்) நகரம் ஒன்று, அதன் கால் ஒன்று, ரகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. பிஎச்பி-யில் சாதாரண நீளத்தைக் கேட்டால் 33. கோ மொழியும் 33, ரஸ்ட்டும் 33, அவை எழுத்தை எண்ணாமல், கணினி சேமிக்கிற பைட்டை எண்ணுகின்றன. ஸ்விஃப்டைக் கேளுங்கள்: 6. மேலே அத்தனை குறை சொன்னேனே, அந்தப் பொடியன்தான் நம் எழுத்தை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணுகிறான்.

இது வெறும் வேடிக்கை இல்லை. பில்லில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று வெட்டினால், தப்பாக எண்ணுகிற மொழி 'ர்'-ஐ 'ர' ஆக்கிவிட்டுப் புள்ளியை விழுங்கும். பைட்டில் வெட்டினால் கறுப்புக் கேள்விக்குறிதான் மிஞ்சும். மற்ற மொழிகளிலும் சரியாகச் செய்ய வழி உண்டு. பிஎச்பி-யில் முழு எழுத்தாக எண்ணுகிற கிராஃபீம் ஃபங்க்ஷன்கள் இருக்கின்றன, ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் இருக்கிறது. தெரிந்து தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட நயமான குழி ஒன்று. 'கோ'வின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு பூக்கடையில் 'கோட்டாறு' என்று ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று கடைக் கணினியில் அடித்தது, ஒன்று பழைய பட்டியலிலிருந்து வந்தது. பாக்கி பாதி இங்கே, பாதி அங்கே. சேமிக்கும் முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழகின மொழிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இதற்கு ஆயத்தமான வழி உண்டு. இளம் மொழியில் இந்த நூலகம் இருக்கிறதா என்று எடுக்கும் முன் பாருங்கள். இங்கிலீஷில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது உறைக்காது, அதனால் கடைசியில்தான் செய்வார்கள்.

எங்கள் குழுவில் நாலு பேர். ஒருவன் மட்டும் புது மொழியில்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது?

அடம்பிடிக்கிறவன் உங்களிடம் இருப்பதே யோகம், விரட்டாதீர்கள். போனாலும் கடை நிற்காத ஒரு வேலையை அவனிடம் கொடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் கோ மொழி நுழைந்தது. ராத்திரி கணக்கை எடுத்து பென் டிரைவில் பத்திரப்படுத்துகிற சின்ன வேலை, நான் பைத்தானில் எழுதியிருந்தேன். மலையோரக் கடைகளில் இணையம் வருவதும் போவதும் மழையைப் பொறுத்தது. பழைய விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவி, அதற்கு வேண்டிய பொதிகளை இறக்கி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். எங்கள் பையன் அதையே கோ மொழியில் எழுதி, ஒரே ஒரு கோப்பாகக் கொண்டுவந்தான். பென் டிரைவிலிருந்து எடுத்துப் போட்டான், ஓடியது. நிறுவல் கிறுவல் ஒன்றுமில்லை. எனக்கு வாயடைத்துப்போயிற்று. நாளை அது நின்றாலும் கடைக்காரர் கோப்பைக் கையால் நகலெடுத்துக்கொள்வார், குடி முழுகாது. இப்போது நான்கு பேருக்கும் அந்த மொழி கொஞ்சம் வரும். அடுத்த வேலையை அதில் செய்யப் பயமில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: அவன் எழுதியதை இன்னொருவன் உட்கார்ந்து படித்து, ஒரு சின்ன மாற்றமாவது செய்து காட்ட வேண்டும். அதன் பிறகே கடைக்குப் போகும்.

பழைய நிரல் முழுவதையும் புது மொழிக்கு மாற்றி எழுதலாமா?

வேகம் வேண்டுமென்றால் முதலில் எது மெதுவாக ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். எங்கள் கடைகளில் பத்துக்கு ஒன்பது தடவை தரவுத்தளத்தில் தேடலை வேகமாக்குகிற ஒரு இன்டெக்ஸ் போட மறந்ததுதான் காரணம்.

உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தால் எப்படி யோசிப்பது என்பதற்கு நல்ல உதாரணம் டைப்ஸ்கிரிப்ட்காரர்கள். அதன் தொகுப்பி டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. அதை வேறு மொழிக்கு மாற்றப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். ரஸ்ட் எடுப்பார்கள் என்று பலரும் எதிர்பார்க்க, கோ மொழியை எடுத்தார்கள். காரணம் எளிது: இருக்கிற நிரலின் கட்டமைப்பு கோ மொழியோடு ஒத்துப்போகிறது, வரிக்கு வரி பெயர்த்துவிடலாம், புதிதாக யோசித்துக் கட்ட வேண்டாம். விஎஸ் கோட் என்ற எடிட்டரின் நிரலைச் சோதிக்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடிக்கு இறங்கியது. மொழிகளை வடிவமைத்தே பேர் வாங்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் எடுத்த முடிவு இது. பழசிலிருந்து எது நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்றுதான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது ஏஐ எழுதித் தருகிறதே, எந்த மொழியானால் என்ன?

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மளமளவென்று எழுதும், ஏனென்றால் அது படித்து வளர்ந்தது அதில்தான். ஸிக்கில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிப்புக்கு முந்தைய இலக்கணத்தையும் இன்றையதையும் கலந்து அவியல் வைத்துக் கொடுக்கும். இல்லாத ஃபங்க்ஷனை இருக்கிற மாதிரி அழைக்கும், துளிகூடத் தயங்காது. எழுத்து குறைவாகக் கிடைக்கிற எந்த மொழிக்கும் இதுதான் கதி, தமிழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் புது மொழிகளுக்குச் சாதகம். ரஸ்ட் மாதிரிக் கறாரான தொகுப்பி, ஏஐ செய்த தப்பில் பாதியை அங்கேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பி அதை அப்படியே கடைக்கு அனுப்பிவைக்கும்.

கல்லூரியில் இன்னும் சி-யும் ஜாவாவும்தான் நடத்துகிறார்கள். வீணா?

இல்லை. சி தெரியாதவனுக்கு ரஸ்ட் ஏன் இப்படிப் பிடுங்குகிறது என்றே புரியாது. ஜாவா தெரிந்தால் கோட்லின் இரண்டு வார வேலை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜாவா, பைத்தான், டாட்நெட் கேட்பார்கள், அதை முடித்து வையுங்கள். மிச்ச நேரத்தில் பிடித்ததைப் படியுங்கள். செய்முறைத் தேர்வுக்கு விடையை மனப்பாடம் செய்கிறீர்களே, அதுதான் வீண்.

வீட்டில் அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

குளச்சலிலிருந்து வருகிற ஒரு பையன் கேட்டது. அவன் அப்பா விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். மகன் ராத்திரி முழுக்க முழித்திருந்து என்ன படிக்கிறான் என்று கேட்டிருக்கிறார். ரஸ்ட் என்று சொல்லியிருக்கிறான். "துருவா? அத போக்கத்தானலே நான் நாப்பது வருசமா உப்புத்தண்ணியில கெடந்து சாவுறேன்" என்றாராம்.

நான் அவனிடம் சொன்னது: அந்தப் பேர் இரும்புத் துருவிலிருந்து வந்தது இல்லை. அதை ஆரம்பித்த கிரேடன் ஹோர், செடிகளில் வருகிற துரு நோய்ப் பூஞ்சையை மனதில் வைத்து வைத்த பேர் அது. என்ன செய்தாலும் எப்படியாவது பிழைத்துக்கொள்கிற பூஞ்சை. அடுத்த சனிக்கிழமை வந்தான். சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்ஜினு கோளாறானா குளச்சல்ல அத நோக்க ஆளு உண்டுமா?" என்று கேட்டாராம்.

"இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்" என்று இவன் சொல்லியிருக்கிறான்.